பட்டியலில் இரண்டாவதாக இருந்த துறைமுகம்

அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால், அந்தக் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் ஆளாளுக்கு ஒருவரைக் கைகாட்டுவார்கள். யார் வைத்திருந்தாலும் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். காலை ஒன்பதரைக்குக் கைப்பையை இழுப்பறைக்குள் போட்டு, நாற்காலியை முன்னே இழுத்து, கப்பல்கள் நகரும் வரைபடத்தைக் கணினியில் திறந்தாளானால் செய்தி வாசிப்பு ஆரம்பித்துவிடும்.

“சிமென்ட் கப்பல் கிளம்பிடுச்சு, வியாழக்கிழமை மதியம் வந்து நிக்கும். நம்ம கரிக்கப்பல் இருக்கே, அது ஆடி அசைஞ்சு வருது, அதை நம்பி யாரும் லீவை மாத்தாதீங்க. மரம் ஏத்திட்டு வர்றவன் திடீர்னு வேகத்தைக் குறைச்சிட்டான், என்ன கேடோ தெரியல.”

யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதற்காக நிறுத்துகிறவளும் இல்லை. வீட்டிலும் இதே கதைதான். அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிட்டு முகவரிக்கும் இடம் விடலாம். “உன்னைக் கட்டிக்கிட்டப்பவே என் பங்குப் பேச்சையும் உனக்கே எழுதிக் குடுத்துட்டேன்” என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவை அதுதான். பதினெட்டு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார், அவளும் பதினெட்டு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

பேச்சுக்காரி என்பதால் வேலையில் கோட்டை விடுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். கப்பல் என்பது பேருந்து நிலையத்துக்குள் பேருந்து நுழைவதுபோலக் கரைக்கு வந்துவிடுவதில்லை. எங்கிருந்து வருகிறாய், என்ன ஏற்றியிருக்கிறாய், உள்ளே எத்தனை பேர், யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று துறைமுக நிர்வாகம் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் ஏஜென்சி முன்கூட்டியே பதில் கொடுத்தாக வேண்டும். அதில் முக்கியமானது, கப்பல் கடைசியாகத் தொட்ட பத்துத் துறைமுகங்களின் பட்டியல். வருவதற்கு இரண்டு நாள் முன்பு ஏஜென்சி ஒரு பட்டியல் கொடுக்கும். வந்து நின்றதும் கேப்டன் ஒன்று கொடுப்பார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மற்ற ஏஜென்சிக்காரர்கள் என்ன செய்வார்கள்? கேப்டனுக்கு எழுதிக் கேட்டு, அவர் அனுப்புவதை அப்படியே பெயர்த்து எழுதிவிடுவார்கள். ரேடியோவுக்கு அதெல்லாம் கௌரவக் குறைச்சல். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு நோட்டு வைத்து, அது போன இடம், நின்ற நேரம், கிளம்பிய தேதி என்று தினமும் குறித்து வைத்திருக்கிறாள். கேப்டனைக் கேட்காமலே அந்த நோட்டைப் பார்த்துப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிடுவாள். “கேப்டன் நாலு மாசத்துல மாறிடுவாரு. நான் இந்தக் கப்பலோட பதினோரு வருஷமா குடித்தனம் பண்றேன்” என்பாள். இருபத்தோரு வருடத்தில் ஒரு பட்டியலும் தப்பியதில்லை. துறைமுகத்துக்குள் போய்வர அவளுக்கு ஒரு நுழைவு அட்டை உண்டு. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசல் காவலாளியை உரிமையோடு அதட்டிவிட்டு உள்ளே போகிற அழகைப் பார்த்தால் துறைமுகத்தையே அவள் அப்பா கட்டிவைத்தார் என்று தோன்றும்.

அவள் நோட்டுகளில் கனத்த நோட்டு ‘பச்சை மூக்கு’ என்கிற சரக்குக் கப்பலுடையது. முன்பக்கம் மட்டும் பச்சை வண்ணம் அடித்திருப்பதால் அந்தப் பேர். அந்தக் கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற ஆயிலர்தான் அவள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் குடியிருப்பவன். அவன் மனைவி தெருமுனை மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். கீழ்வீட்டுக்காரியின் காலைப் பொழுது மாடிப்படியில்தான் விடியும்.

“அக்கா, எங்க இருக்காரு?”

“வளைகுடாவைத் தாண்டியாச்சு. காத்து நல்லா இருக்கு. உன் வீட்டுக்காரன் இந்நேரம் எண்ணெய்க் கையோட டீ குடிச்சிக்கிட்டிருப்பான். நீ போய் வேலையைப் பாரு.”

கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. காப்பகத்திலிருந்து நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்க மனுப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கீழ்வீட்டுக்காரி போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவனும் விடுமுறையில் வந்தபோது பார்த்து, குழந்தை அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டு தரமாட்டேன் என்று அடம்பிடித்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆனால் நீதிபதி முன்னால் இரண்டு பேரும் நேரில் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். முதல் தேதியின்போது அவன் கடலில். இரண்டாவது தேதியின்போதும் கடலில். மூன்றாவது தேதி ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. அன்றைக்கும் வராவிட்டால் மனுவைத் தள்ளிவிட்டு, வரிசையில் அடுத்து நிற்கிற தம்பதிக்குக் குழந்தையைக் கொடுத்துவிடுவோம் என்று நீதிமன்றத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

பச்சை மூக்கு திங்கட்கிழமை வருவதாக இருந்தது. “சாயங்காலம் அஞ்சரைக்கு உன் வீட்டுக் கதவைத் தட்டுவான். தட்டலேன்னா என்னைக் கேளு” என்று ரேடியோ அடித்துச் சொல்லியிருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் கப்பல் சொன்ன நேரத்துக்கு வந்து துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டது. பதினொன்றரைக்குத் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கப்பலுக்குச் சுகாதார அனுமதி இல்லை, யாரும் இறங்கக் கூடாது, யாரும் ஏறக் கூடாது. காரணம் ரொம்ப எளிது. தொலைவில் ஒரு துறைமுகத்தில் விஷக்காய்ச்சல் பரவுகிறது, அதைத் தொட்டு வந்த கப்பல் எதுவும் பதினான்கு நாள் ஆகாமல் கரையணையக் கூடாது என்று முந்தின நாள்தான் சுற்றறிக்கை வந்திருந்தது. ஏஜென்சி சனிக்கிழமையே கொடுத்த பட்டியலில் இரண்டாவதாக அந்தத் துறைமுகம் இருக்கிறது. கேப்டன் கொடுத்த பட்டியலில் இல்லை. அந்த ஊரைவிட்டுக் கிளம்பி எட்டு நாள்தான் ஆகிறது. மிச்சம் ஆறு நாள். அதாவது ஞாயிற்றுக்கிழமை.

ரேடியோவுக்கு வந்ததே கோபம்! “சுற்றறிக்கையைப் பாத்துட்டு நைசா ஊரையே முழுங்கிட்டான் அந்தாளு! யாரு கண்ணுல மண்ணைத் தூவுறான்? என் நோட்டுல இருக்கு, பதினோரு மணி நேரம் நின்னிருக்கு!” என்று கேப்டனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். மேனேஜர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், தனக்கு.

மாலையில் படியேறும்போது கீழ்வீட்டுக்காரி புதுப்புடவையோடு வாசலில் நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் அழவெல்லாம் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

“ஞாயிற்றுக்கிழமையா? அக்கா, ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து எனக்கு என்ன ஆகப்போகுது?”

“அந்தக் கேப்டனை நான் விடமாட்டேன். கட்டுப்பாட்டை மீறினது அவன், தண்டனை உனக்கா? நாளைக்கு அவன் பொய்யைப் படம் போட்டுக் காட்டுறேன் பாரு.”

படம் போட்டுத்தான் காட்டினாள், தனக்கே. செவ்வாய்க்கிழமை காலை கேப்டனிடமிருந்து சூடாக ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அந்தத் துறைமுகத்தை நான் தொட்டதே இல்லை, எரிபொருள் பம்ப் பழுதாகி அதன் எல்லைக்குள் பதினோரு மணி நேரம் மிதந்துகொண்டிருந்தோம், நங்கூரம்கூடப் போடவில்லை, அதைப் பட்டியலில் சேர்த்தது யார் என்று கேட்டிருந்தார். “யாருகிட்ட!” என்று சொல்லிக்கொண்டே அவள் அன்றைய நாளின் கப்பல் தடத்தைத் திரையில் பெரிதாக்கினாள்.

நங்கூரம் போட்ட கப்பல் ஒரே இடத்தில் அரைவட்டமாகச் சுற்றிச் சுற்றி ஆடியிருக்கும். தடம் பந்துபோலச் சுருண்டு கிடக்கும். திரையில் இருந்ததோ ஒரு சாய்ந்த கோடு. நீரோட்டம் தள்ளிய திசையில், வளைவு நெளிவு இல்லாமல், மூன்று மைல் நீளம். பக்கத்தில் ஒரு படகு வரவில்லை, கப்பலை உள்ளே ஓட்டிப் போகிற பைலட் ஒருவரும் ஏறவில்லை. நிலைமை என்ற இடத்தில் ‘கட்டுப்பாட்டில் இல்லை’ என்று கப்பலே அறிவித்திருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரு கப்பல் துறைமுக எல்லைக்குள் ஆறு மணி நேரம் வேகமெடுக்காமல் இருந்துவிட்டால் அந்த வரைபடம் தானாகவே ‘இங்கே வந்துபோனது’ என்று முத்திரை குத்திவிடும். அது வெறும் கணக்கு, அதற்குக் கண்ணா இருக்கிறது? இந்த முத்திரையை நம்பாதே, தடத்தைத் திறந்து பார் என்று மேனேஜரையே நான்கு பேர் முன்னால் மட்டம் தட்டியவள் அவள். ஆனால் கப்பல் அங்கே மிதந்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ரேஷன் கடை வரிசையில் நின்றபடி கைபேசியில் பார்த்தாள். சின்னத் திரையில் முத்திரை மட்டும்தான் தெரிந்தது. அதை வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினாள். நோட்டிலிருந்து பட்டியலுக்குப் போயிற்று. கேப்டனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது. கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமே!

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. நோட்டைப் படாரென்று மூடினாள். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு எழுந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். “சார், கேப்டன் பொய் சொல்லல. தப்பு என்னுது. நான் போய் சுகாதார அலுவலக டாக்டரம்மாகிட்ட சொல்லிடறேன்.”

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். “உட்காரும்மா. தப்பான பட்டியல் குடுத்தோம்னு நாமளே எழுதிக் குடுத்தா உன் அட்டையைப் பறிச்சிடுவாங்க. பேசாம இரு. ஞாயிற்றுக்கிழமை தானா அனுமதி வரும். அதுவரைக்கும் கேப்டன் எழுத மறந்துட்டார்னே இருக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?”

“யாருக்கு நஷ்டம்னு எங்க கீழ்வீட்டுல வந்து கேளுங்க சார்.”

“அட்டை போனா அப்புறம் உள்ள கால் வைக்க முடியாது. ஓரமா உட்கார்ந்து தட்டச்சு பண்ணணும். உன்னால முடியுமா?”

முடியாது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் வாய் வேறு சொன்னது. “இருபத்தோரு வருஷமா எந்தக் கப்பல் எங்க நின்னுச்சுன்னு சொல்லித்தான் நான் சம்பாதிக்கிறேன். நிக்காத கப்பலை நின்னுச்சுன்னு சொல்லிட்டு அந்த அட்டையை எந்த மூஞ்சியோட மாட்டிக்கிறது?”

சும்மா போய் அழுது மூக்கைச் சிந்துகிற ஆளா அவள்? தப்பு என்று சொன்னால் மட்டும் கப்பலை விடமாட்டார்கள், அத்தாட்சி கேட்பார்கள் என்று தெரியும். அன்றைக்கே மூன்று காரியம் செய்தாள். காய்ச்சல் பரவிய அந்தத் துறைமுகத்தின் நிர்வாகத்துக்கு எழுதினாள்: இந்தத் தேதியில் இந்த எண்ணுள்ள கப்பல் உங்களிடம் அணைந்ததா, படகோ ஆளோ அனுப்பினீர்களா, ஒரே வரியில் பதில் போதும். எழுதியதோடு விடாமல் நான்கு முறை தொலைபேசியில் கூப்பிட்டு, எடுத்த ஆளிடமெல்லாம் நச்சரித்தாள். கேப்டனுக்கு எழுதி, எஞ்சின் அறைப் பதிவேட்டின் அந்த நாள் பக்கத்தைக் கேட்டாள். மேலே முதல் வரியில், ‘அந்தத் துறைமுகத்தைப் பட்டியலில் சேர்த்தது நான்தான், மன்னியுங்கள்’ என்று எழுதினாள். அப்புறம் தடத்தைப் பெரிதாக அச்செடுத்தாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். “அட்டை போனா போகட்டும். நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே போ” என்றார். அவருக்கு அது பெரிய சொற்பொழிவு.

புதன்கிழமை பதினோரு மணிக்குப் பதில் வந்தது. அப்படி ஒரு கப்பல் எங்களிடம் அணையவில்லை, இங்கிருந்து யாரும் அதற்குப் போகவில்லை. கீழே முத்திரை. கேப்டனும் பதிவேட்டுப் பக்கத்தை அனுப்பியிருந்தார். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்குப் போனாள்.

டாக்டரம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டு ரகம். மேசையில் பட்டியல்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

“சுற்றறிக்கை வந்த மறுநாளே ஒரு பட்டியல்ல ஒரு ஊர் காணாம போகுது. நான் என்ன நினைக்கணும், சொல்லுங்க.”

“காணாம போகல மேடம். இல்லாத ஊரை நான் சேர்த்துட்டேன்.”

“நீங்களா?” அந்த அம்மாளின் பேனா நின்றது. “உங்க பட்டியலை நாங்க சரிபார்க்கறதுகூட இல்லையே. நீங்க குடுத்தா சரியா இருக்கும்னு கையெழுத்துப் போட்டுடுவேன்.”

அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தடத்தை விரித்து வைத்து, நங்கூரம் போட்ட கப்பல் எப்படி ஆடும், இது எப்படி மிதந்திருக்கிறது என்று விரலால் கோடு பிடித்துக் காட்டினாள். டாக்டரம்மா பதிவேட்டைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், அந்தத் துறைமுகத்தைத் தானே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார். வைத்துவிட்டுச் சொன்னார்:

“கப்பலுக்கு அனுமதி தர்றேன். ஆனா தப்பான தகவல் தப்பான தகவல்தான். உங்க அட்டை மூணு மாசத்துக்கு நிறுத்தம்.”

“எழுதிக்குங்க மேடம்” என்று கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். கையோடு, “கப்பலை நாளைக்குக் காலையில முதல் பைலட்டோட உள்ள கொண்டுவரச் சொல்லுங்க, ஒன்பது மணிக்குக் கடல் நல்லா ஏறியிருக்கும்” என்று அவர்களுக்கே வேலை சொன்னாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

வியாழக்கிழமை பத்தரைக்கு ஆயிலர் தோளில் பையோடு துறைமுக வாசலுக்கு வந்தான். ரேடியோ வெளியே, குடும்பங்கள் நிற்கிற கம்பி வேலிப் பக்கம், கீழ்வீட்டுக்காரியோடு நின்றிருந்தாள். அந்தப் பக்கம் நின்று அவளுக்குப் பழக்கமே இல்லை. கீழ்வீட்டுக்காரி புருஷனைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல ரேடியோவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“மேனேஜர் சொன்னாரு. எங்களுக்காக அட்டையையே குடுத்துட்டீங்களாமே. இந்தக் கடனை நான் எப்படி அடைப்பேன் அக்கா?”

ரேடியோ தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

“இங்க பாரு. உங்களுக்காகன்னு ஒண்ணுமில்ல. அந்த ஊர்ப் பேரைத் தப்பா எழுதினதே நான்தான். எழுதாம இருந்திருந்தா திங்கக்கிழமை சாயங்காலமே இவன் வந்து கதவைத் தட்டியிருப்பான். கேப்டனும் இல்ல, காய்ச்சலும் இல்ல. நான்தான்.”

ஆயிலர் பையை இறக்கிக் கீழே வைத்தான். கீழ்வீட்டுக்காரியின் முகம் மாறியது.

“மூணு நாள்” என்றாள். “மூணு நாளா ஒரு வாய் சோறு இறங்கல எனக்கு. அந்தக் குழந்தையோட கவுனையெல்லாம் எடுத்துத் திருப்பிக் குடுத்துடலாம்னு மடிச்சு வெச்சேன். நீங்க படியேறிப் போறப்பல்லாம் அந்தக் கேப்டனைத் திட்டிக்கிட்டு இருந்தேன்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?” என்று கத்தினாள். வாசல் காவலாளி திரும்பிப் பார்த்தான். அவள் புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரேடியோ அலுவலகத்துக்கு லீவு போட்டிருந்தாள். நீதிமன்றத்தில் அக்கம்பக்கத்தார் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். போன மாதமே அவளைத்தான் கேட்டிருந்தார்கள். இனி வேறு ஆளைப் பார்த்திருப்பார்கள் என்று சமையலறையில் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

“இன்னும் தலைகூட வாரலையா?” என்றாள் கீழ்வீட்டுக்காரி. முகம் இன்னும் உம்மென்றுதான் இருந்தது. “ஆட்டோ நிக்குது.”

“நான் வந்தா...”

“வேற யாரு வருவா? ஒன்பது வருஷமா எங்களைப் பாத்துக்கிட்டிருக்கறது நீங்கதானே. கோவம் இருக்கு. அது இருக்கட்டும் ஒரு பக்கம். கிளம்புங்க.”

பதினோரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஆயிலர் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டுப் பதில் சொன்னான், எஞ்சின் அறைப் பழக்கம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் நீதிமன்ற எழுத்தர் சாட்சியின் படிவத்தை ரேடியோ முன்னால் தள்ளினார். கீழ்வீட்டுக்காரி அதன் ஓரத்தில் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு, “நல்லா படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க அக்கா” என்றாள். சொல்லும்போது உதடு லேசாகத் துடித்தது, சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

ரேடியோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து படித்தாள். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். கடைசி வரியில், ‘மேற்கண்ட தம்பதியர் குழந்தையை அன்போடு வளர்க்கத் தகுந்தவர்கள் என்பதை நான் நேரில் கண்டு அறிவேன்’ என்று இருந்தது. அந்த வரியில் நின்றுவிட்டாள்.

பேனாவைத் திறக்காமல் நிமிர்ந்து பார்த்தாள். பெஞ்சில் குழந்தை ஆயிலரின் மடியில் உட்கார்ந்து அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. அவன் அசைந்தால் இறங்கிவிடுமோ என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டிருந்தான். கீழ்வீட்டுக்காரி குனிந்து குழந்தையின் அவிழ்ந்த செருப்பு வாரை மாட்டிவிட்டாள். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பார்த்துவிட்டு, ரேடியோ கையெழுத்துப் போட்டாள்.